ஒருமுறை கேட்டவர்

மனிதர்களில் ஒருமுறை கேட்டவர் என்றோர் இனம் உண்டு. இவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். கேட்க வேண்டியவற்றை எல்லாம் தொடக்கத்திலேயே முறையாகக் கேட்டு, குறித்து, அடிக்கோடிட்டு வைத்துவிட்டவர்; ஆகவே பிறகு எதையும் கேட்க வேண்டிய அவசியம் இவருக்கு நேர்வதில்லை. பேருந்து நிறுத்தம் இடம் மாறி ஆறு மாதமான பின்பும் பழைய மரத்தடியிலேயே நின்று, நூறடி தள்ளி ஆளேற்றிப் போகும் பேருந்தைப் பார்த்து, ஓட்டுநருக்குப் பொறுப்பில்லை என்று தலையசைப்பவர் இவரே. நண்பரின் பழைய எண்ணை அழைத்துவிட்டு, எடுத்த அந்நியரிடம் "இந்த நம்பர்ல நீங்க எப்படி?" என்று விசாரணை நடத்துபவரும் இவரே. தவறு உலகத்தினுடையது. இவர் சரியாகத்தான் கேட்டு வைத்திருக்கிறார்.

இவ்வினத்தின் உயர்ந்த மாதிரி ஒருவர் ஒரு மருத்துவமனையின் கணினி அறைக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். ஊழியர்கள் அவருக்கு இட்ட பெயர் நாட்காட்டி. ஆய்வகத்தின் முடிவுகளை அறுவை அரங்கின் திரைக்குக் கொண்டு சேர்க்கும் செயலி ஒன்று அவர் பராமரிப்பில் ஓடுகிறது. அது நிற்காமல் ஓடிய நாட்களின் எண்ணிக்கையை அறை வாசலில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்து, நாள்தோறும் காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்த கையோடு பழைய எண்ணையும் துடைத்து, ஒன்று கூட்டி எழுதுவார். நாம் சொல்லப்போகும் செவ்வாய்க்கிழமையன்று அந்த எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஆயிரமாவது நாளில் ஒரு சிறு கூட்டம் நடத்த உத்தேசம். உரை தயார். நன்றியுரையும் தயார்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறியும். ஆனால் போய்ச் சேர எண்ணாலான விலாசம் வேண்டும். பெயரைச் சொன்னால் விலாசத்தைச் சொல்வதற்கென்றே ஒரு சர்வர் உண்டு. அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது என்பது ஒரு சிறிய கோப்பில் எழுதியிருக்கும். செயலி எழுந்திருக்கும்போது அக்கோப்பைப் படித்துக்கொள்ளும்.

அந்த விலாச சர்வர் புதுக் கட்டடத்துக்கு மாறியது. நாட்காட்டி கடமை தவறாதவர். முந்தின நாளே கோப்பைத் திறந்து, பழைய எண்ணை நீக்கி, புதிய எண்ணை இட்டு, இருமுறை சரிபார்த்து, பதிவேட்டில் தேதியும் நேரமும் குறித்துக் கையொப்பமிட்டார். கோப்பு அறிந்தது. பதிவேடு அறிந்தது. ஓடிக்கொண்டிருந்த செயலி மட்டும் அறியவில்லை. தானே படித்துக்கொள்ளாதா? எதற்குப் படிக்கும்? அதுதான் எழுந்த அன்றே படித்துவிட்டதே!

செவ்வாய் காலை பத்து மணிக்குப் பழைய சர்வரை அணைத்தார்கள். பதினொன்றரைக்கு நாட்காட்டியின் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் அவர் மனைவி. மனைவியின் தந்தைக்குச் சிறுநீரகக் கல்லை எடுக்க, இரண்டு மாதம் காத்துக் கிடைத்த நாள் அன்று.

"என்னங்க, அப்பாவோட ரத்த ரிசல்ட்டு திரையில வரலையாம். அது வராம டாக்டர் உள்ள கூப்பிட மாட்டாராம்."

"லேப்ல கேளு."

"கேட்டாச்சு. பத்தேகாலுக்கே அனுப்பிட்டாங்களாம்."

"அப்ப திரையில கோளாறு."

"நர்ஸம்மா உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. டாக்டர் சாயந்தரம் வெளியூர் கெளம்புறாராம், ஒரு மணிக்குள்ள ஆரம்பிச்சாத்தான் உண்டாம். விட்டா அடுத்த வாரந்தான். அப்பா வலியில சுருண்டு கெடக்குறாருங்க."

நாட்காட்டி செயலில் இறங்கினார். கணினியில் ஒரு புதிய சன்னலைத் திறந்து, அரங்கத் திரையின் பெயரைத் தட்டினார். கண் இமைக்குமுன் விலாசம் வந்தது. "எனக்கு வேலை செய்யுதே" என்றார். இவ்வினத்தின் தேசிய கீதம் இது. அப்போதுதான் பிறந்த சன்னல் புதிய கோப்பைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறது. அடுத்த சன்னலில் மூன்றாண்டுக் கிழமாகிவிட்ட செயலி, அணைந்துபோன சர்வரின் கதவை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. வயரை மாற்றினார். மாற்றிய வயரை மாற்றினார். புதுக் கட்டடத்தைத் திட்டினார். மணி பன்னிரண்டைத் தாண்டிய பின் வலைப்பின்னல் பொறியாளரை அழைத்தார்.

அந்தப் பெண்மணி வந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"சார், உங்க செயலி இன்னும் பழைய சர்வரைத்தான் கேட்டுக்கிட்டிருக்கு. நிறுத்தி ஆரம்பிங்க, சரியாயிடும்."

"நிறுத்தணுமா?"

"இருபது செகண்டு சார்."

"பழைய சர்வரைத் திரும்பப் போட முடியாதா? மூணே நாளைக்கு."

"அதைக் கழட்டி வண்டியில ஏத்தியாச்சு. ஓடும்போதே கோப்பு மாறிச்சான்னு பாத்துக்கிற மாதிரி நாலு வரி சேக்கலாம்னு போன வருஷமே சொன்னேனே சார்."

"எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி மட்டுந்தான் வச்சிருக்கீங்க."

கைபேசியை எடுக்காத கணவரைத் தேடி அப்போது மனைவியே வந்து சேர்ந்தார். பொறியாளர் விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"நடுவுல ஒருக்கா கேட்டா கொறஞ்சா போயிடும் அது?"

"கேக்காதுக்கா. மொதல்ல கேட்டதுதான் அதுக்கு வேதம்."

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "புரியுதும்மா. இப்படி ஒண்ணோட இருபத்தாறு வருஷமா குடித்தனம் பண்றேன்." பிறகு கணவரிடம் சொன்னார்: "மணி பன்னெண்டு நாப்பது. நீங்க நிறுத்துறீங்களா, இல்ல அந்தச் செவுத்து வயரை நான் புடுங்கட்டுமா?"

நாட்காட்டி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டுதான் நிறுத்தினார். பதினெட்டு வினாடியில் செயலி எழுந்து, கோப்பைப் படித்து, புதிய சர்வரைக் கேட்டு, தேங்கிக் கிடந்த முடிவுகளை வரிசையாக அனுப்பிவிட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு மாமனார் அரங்கத்துக்குள் போனார். கல் வெளியே வந்தது.

பலகையில் பூஜ்யம் எழுத மனம் வராமல், பலகையையே கழற்றி அலமாரிக்குள் வைத்தார் நாட்காட்டி. பொறியாளர் அந்த நான்கு வரிகளைப் பிற்பகலிலேயே சேர்த்தார். செயலி திருந்திவிட்டது.

அவர்? மாலையில், கண் விழித்த மாமனாருக்கு அவர் விரும்பிப் படிக்கும் வார இதழை வாங்கித் தரப் புறப்பட்டார். அந்த இதழ் நின்று ஒன்பது வருடம் ஆகிறது என்று மூன்று கடைக்காரர்கள் சொன்னார்கள். மூவருக்கும் வியாபாரம் தெரியவில்லை என்ற முடிவோடு நான்காவது கடையை நோக்கி நடந்தார்.

நகைக்கிறீர்கள், நன்று. நகைத்து முடித்ததும், உங்கள் வீட்டிலிருப்பவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, எதற்கு அஞ்சுகிறார் என்று ஒரு தாளில் எழுதி, அவரிடமே நீட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தேவையில்லை, அதெல்லாம் எனக்குத் தெரியும் என்கிறீர்களா?

தெரியும், சரி. கேட்டது எந்த வருடம்?