மாமன்னர் அடைத்த காது

தலையாட்டிச் சீமையை வரைபடத்தில் தேடாதீர்கள். தேடிக் கிடைத்துவிட்டால் உங்களுக்குத்தான் வம்பு. அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. அரசு எதைக் கொடுத்தாலும் அதன் நட்டநடுவில் மாமன்னர் சிரிக்கும் படத்தை ஒட்டியாக வேண்டும். தொட்டிலோ, பாடையோ, எதற்கும் விலக்கில்லை.

ஒருநாள் மாமன்னருக்குக் கல்வியின் மேல் கருணை பிறந்தது. கடல்தாண்டி இருந்த அக்கரை நாட்டிலிருந்து பேசும் பலகைகள் வந்து இறங்கின. பிள்ளைகளுக்கு அக்கரை மொழி சொல்லித்தரும் பலகைகள் அவை. பலகை ஒரு சொல்லைச் சொல்லும். பிள்ளை திருப்பிச் சொன்னால் கேட்டுத் திருத்தும். கேட்பதற்கான துளைகள் பலகையின் நட்டநடுவில் இருந்தன. படத்தை எங்கே ஒட்டினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா!

குயவர்மேட்டுப் பள்ளியில் அஞ்சுகம் டீச்சர் ஆசை ஆசையாகப் பலகையை இயக்கினாள். பிள்ளைகள் உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். பலகையோ, “எதுவும் கேட்கவில்லை” என்று சாதித்தது. சீமை முழுக்க இதே கதைதான்.

புகார் கல்வியமைச்சர் பேருரைநாதரிடம் போனது. அவர் நெற்றியைச் சுருக்கி ஆராய்ந்தார். “பிள்ளைகளின் இரைச்சலால் பலகை கலவரமடைகிறது. இனி வகுப்பில் பிள்ளைகள் பேசலாகாது” என்று ஆணையிட்டார். பலகை அப்போதும் திருந்தவில்லை. ஆசிரியர்களும் பேசலாகாது என்று அடுத்த ஆணை வந்தது. அதற்கும் பலனில்லாமல் போகவே, அக்கரை மொழி பேசத் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் மூடப்படும் என்று மூன்றாவது ஆணை பிறந்தது. பேசக் கூடாது, பேசாவிட்டால் பூட்டு. என்ன ஒரு நியாயம்!

சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. அங்கே படித்த பிள்ளைகள் செங்கல் சூளைக்குப் போனார்கள். அந்த நேரத்தில்தான் அக்கரை நாட்டுப் பெண் தூதர் பலகைகளைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நல்ல சாலை இருந்த ஒரே காரணத்தால் குயவர்மேடு தேர்வானது. தூதர் முன்னால் பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால், அன்றே பள்ளிக்குப் பூட்டு.

தூதர் வருகிறாரே என்று அஞ்சுகம் பலகையைத் துடைத்தபோது, மாமன்னரின் காதோரம் படம் லேசாகப் பிரிந்திருந்ததைக் கண்டாள். அடியில் துளைகள்.

“அடப் பாவிகளா! காதையா அடைச்சு வச்சீங்க?”

படத்தைத் தொட்டால் ராஜதுரோகம். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு விலகத்தான் பார்த்தாள். எதிரே ஊமைகளாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் பயம் கோபமாக மாறியது. தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, படத்தைக் கிழியாமல் உரித்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க மகராசா, பிள்ளைங்க படிக்கணும்” என்று சொல்லி அதை மேல்மூலையில் ஒட்டினாள்.

பிறகு பவளக்கொடி என்ற சிறுமி அக்கரை மொழியில் வணக்கம் சொன்னாள். “அருமை! நாக்கை இன்னும் கொஞ்சம் மடக்கு” என்றது பலகை. வகுப்பு கூரை பிய்யக் கூச்சல் போட்டது. அஞ்சுகம் அழுதேவிட்டாள்.

அன்றிலிருந்து பிள்ளைகள் பேசிப் பேசியே பழகினார்கள். தூதர் வந்த அன்று அவரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார்கள். அந்த அம்மாள் பூரித்துப் போனார். கூடவே வந்திருந்த, ஒரு சொல்லும் விளங்காத அமைச்சர் மட்டும் பலகையைப் பார்த்து அலறினார்.

“மாமன்னரை இடம்பெயர்த்த துரோகி யார்?”

தூதர் ஏதோ கேட்டார். பவளக்கொடி அக்கரை மொழியில் நடந்ததை அப்படியே சொன்னாள். தூதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“காதை அடைச்சுட்டு, கேக்கலன்னு சொன்னா எப்படின்னு கேக்குறாங்க ஐயா” என்றாள் பவளக்கொடி.

அமைச்சருக்கு வியர்த்தது. ஆனால் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். “மாணவர் நலன் கருதி மாமன்னர் தாமாகவே நகர்ந்து அமர்ந்தார் என்று சொல்லம்மா. இந்தப் பள்ளி இனி முன்மாதிரிப் பள்ளி என்றும் சொல்!”

அஞ்சுகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பவளக்கொடி மட்டும் உட்காரவில்லை.

“அப்ப, மூடுன பள்ளிக்கூடத்தை எல்லாம் எப்பத் தொறப்பீங்க ஐயா? எங்க மாமா பொண்ணு சூளையில கல்லு சொமக்குறா.”

அமைச்சர் தம் செயலரிடம் குனிந்து, “இது எந்த மொழி?” என்று கேட்டார்.

“நம்ம மொழிதாங்க ஐயா. புள்ளைங்க பேசிக் கேட்டு ரொம்ப நாளாச்சு இல்ல, உங்களுக்கு அடையாளம் தெரியல” என்றாள் அஞ்சுகம்.

தூதர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டுப் பதிலுக்காக உட்கார்ந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அமைச்சர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் வாய்க்குள்ளேயே, “திங்கட்கிழமை” என்றார்.

“சத்தமாச் சொல்லுங்க ஐயா,” என்றாள் அஞ்சுகம், “கடைசி பெஞ்சுக்குக் கேக்கல.”