அல்சூர் வழியாகச் சுவிட்சர்லாந்து

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் இனி எனக்கு மல்லேஸ்வரத்தில் எந்த வீட்டிலும் காபி கிடைக்காமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

மே மாதம் பிறந்தால் போதும், மெட்ராஸ்காரர்களுக்குப் பெங்களூர் உறவு ஞாபகம் வந்துவிடும். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் தெருச் சீனிவாசராகவன் வீட்டில், அவர் மனைவி அலர்மேல்மங்கையின் அண்ணா ஆராவமுதன் தலைமையில் ஒரு பட்டாளமே வெயிலுக்குப் பயந்து வந்து இறங்கும். வீட்டுக்காரருக்குச் சமையலறையில், அரிசி டின்னுக்கும் அம்மிக்கும் நடுவில் படுக்கை. குளிக்க முறை வருவதற்குள் ஆபீஸே மூடிவிடும். ஐம்பத்தாறாம் வருஷம் மனிதர் பொங்கி எழுந்தார். இந்த மே மாதம் என் கட்டிலில் நான்தான் படுப்பேன் என்று சபதம்.

அவர் வேலை பார்த்தது கடிகாரம் இறக்குமதி செய்யும் கம்பெனியில். அந்தக் கம்பெனி தங்கள் இருவரையும் சுவிட்சர்லாந்துக்கு, பனிமலை அடிவாரத்து ஏரிக்கரைக்கு, ஒரு மாதம் லீவில் அனுப்புவதாக மைத்துனருக்கு எழுதிப் போட்டார். வாசலுக்குப் பூட்டு, போக்குவரத்தெல்லாம் புழக்கடை வழியாக. திட்டத்தைக் கேட்டு அலர்மேல்மங்கை மறுபேச்சே பேசவில்லை. அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மே மாதம் வந்தது. அவர் கட்டிலில் குறுக்கே படுத்து ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜட்கா சத்தம். ஒன்றல்ல, மூன்று. ஆட்கள் இறங்கிய வேகத்தில் கடைசிக் குதிரை பாரம் குறைந்து அந்தரத்தில் எழும்பியதாம்.

"ஏன்னா, எழுந்திருங்கோ. அண்ணா வந்துட்டான்."

"நாமதான் சுவிட்சர்லாந்து போயிட்டோமே!"

"நீங்க போயிட்டேள். ஒருத்தருக்குத்தான் டிக்கெட்டாம், தனியா இருக்கப் பயமா இருக்கு, துணைக்கு வாங்கோன்னு எழுதிட்டேன். புழக்கடைக் கதவு திறந்திருக்கு."

கையில் ஒரு கம்பளியைத் திணித்து அனுப்பினாள்.

பெங்களூரின் இன்னொரு மூலையில், ரிச்சர்ட்ஸ் டவுனில், ஆபீஸ் நண்பர் ரெமிஜியஸ் தன் அவுட்ஹவுஸில் இடம் கொடுத்தார். ஏற்கெனவே அங்கே குடியிருந்த கோழிகள் ஒத்துக்கொள்ள நாலு நாள் ஆயிற்று. சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில் காற்று வாங்குவார். அங்கிருந்த கொசுக்கள் அவரைத் தூக்கிக்கொண்டு அரை பர்லாங் போய், கனம் தாங்காமல் இறக்கிவிடும். ஒரு நாள் மைத்துனர் பட்டாளமே கட்டுச்சாதத்தோடு அங்கே வந்துவிட, கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி தன் வீட்டுப் புளியோதரையின் வாசனையை மட்டும் அனுபவித்தார்.

மாதக் கடைசியில், ரெமிஜியஸின் கம்பளிக் கோட்டில் வியர்த்து வழிய வீடு திரும்பினார். கூடம் நிறைய ஜனம். ஏரியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மொய்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த ஏரித் தண்ணீர் கண்ணாடி என்றார். கரையில் உட்கார்ந்தால் மீன்கள் தலையை நீட்டி நம் கைக்கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டுப் போகும் என்றார். ஆராவமுதனுக்குப் புல்லரித்துவிட்டது.

"அப்போ சமுத்திரம் தாண்டினது வாஸ்தவம்தானே, மாப்ளே?"

"பின்னே?" என்று மார்பைத் தட்டினார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாற்போல் உள்ளேயிருந்து வைதிக வாத்தியார் வந்தார். கடல் தாண்டியவர் ஆசாரப்படி சுத்தி செய்துகொள்ள வேண்டும். புதுப் பூணூல், தலையில் பத்துக் குடம் பச்சைத் தண்ணீர், பிறகு பஞ்சகவ்யம். பசு தரும் ஐந்தில் பால், தயிர், நெய் மூன்றும் அவருக்குப் பிடிக்கும். மற்ற இரண்டை நினைத்தார்.

"நான் பிளேன்ல போனேன், ஸ்வாமி. கடலைத் தொடவே இல்லை."

வாத்தியார் யோசித்தார். "ரொம்ப உசரத்துல தாண்டியிருக்கேள். இன்னொரு தம்ளர் கலக்கச் சொல்லுங்கோ."

அவர் மனைவியை ஓரமாக இழுத்து, உண்மையைச் சொல்லித் தொலையேன் என்று கெஞ்சினார்.

"சொல்றேன். போகலேன்னு சொன்னா, போறதா ஏன் எழுதினேள்னும் சொல்லணும். அண்ணா எதிரேயே சொல்லட்டுமா?"

குடித்தார். இரண்டாவது தம்ளரையும் குடித்தார். அலர்மேல்மங்கை துண்டை நீட்டினாள்.

"அண்ணாவுக்குப் பரம திருப்தி. அடுத்த வருஷம் கம்பெனி உங்களை ரெண்டு மாசம் அனுப்பறதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஆராவமுதன் இன்றைக்கும் மெட்ராஸில் அந்த மீன்களின் கதையைச் சொல்லி மாய்ந்துபோகிறார். ஆகவே இது உங்கள் காதோடு இருக்கட்டும். யார் சொன்னது என்று எவராவது கேட்டால், ரெமிஜியஸ் வீட்டுக் கோழி சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.