யாக்கோப்பு வீட்டுத் துவக்கு

முதலில் ஒரு விடுகதை. ஒரே ஒரு சொல். அதைக் கேட்டதும் ஒருவர் நிலத்தில் குப்புற விழுந்து படுப்பார். இன்னொருவர் தாச்சியை அடுப்பில் வைப்பார். அது என்ன சொல்?

விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மிச்சத்தில் குடியிருக்கும் யாக்கோப்புக்கும் தெரியவில்லை. அவர் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருப்பவர். வீட்டில் அவருக்குக் கிடைப்பதும் மிச்சம்தான்.

யாக்கோப்புக்குக் கோபம். காலையில் பல் தீட்டும்போதே நுரையோடு சேர்ந்து அதுவும் வரும். அவர் பஸ் ஓட்டுபவர். பஸ்ஸில் அவர் பொத்தானை அமத்தினால்தான் கதவு திறக்கும். அவர் பிரேக்கில் காலை வைத்தால் மேல்தட்டில் நிற்பவர்கள்கூடத் தலை வணங்குவார்கள். வீட்டில் ஹீற்றரின் பொத்தானை அவர் குறைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் மனைவி பெனிற்றா கூட்டியிருப்பார்.

முன்னறைச் சுவரைப் பார்த்தால் கோபம் இன்னும் ஏறும். திருஇருதய ஆண்டவர் நடுவில். சுற்றிவர பெனிற்றாவின் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் கலியாணம், அக்காவின் நாய். மகள் அனோஜினி நீந்தி வாங்கிய சான்றிதழ். யாக்கோப்பு எங்கே? அக்காவின் கலியாணப் படத்தில், ஓரமாக, ஒரு வாழைமரத்துக்குப் பின்னால் அரைவாசி நிற்கிறார்.

அந்த வீட்டில் அவர் போட்டு நிலைத்த சட்டம் ஒன்றுதான். போன வருஷம் தவக்காலம் முழுக்க இரவுச் சாப்பாடு உப்புமா. உயிர்த்த ஞாயிறு அன்று அவர் எழும்பி நின்று, “இனி இந்த வீட்டிலை உப்புமா கிடையாது” என்றார். பெனிற்றா “சரி” என்றார். அதன்பிறகு உப்புமா வரவே இல்லை. வெற்றியின் ருசி யாக்கோப்புக்குப் பிடித்துப்போனது. இன்னொன்று வேண்டும் என்று இருந்தது.

அதனால்தான் ஒரு நாள் கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தவர், கைத்துவக்கு ஒன்றோடு வெளியே வந்தார். சின்னஞ்சிறிய சுழல்துப்பாக்கி. விசையை மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். பிடியில் பூவேலை. விக்ரோறியா மகாராணி காலத்தது.

“இது என்ன?” என்று கேட்டார் பெனிற்றா.

“துவக்கு.”

“தெரியுது. ஏன்?”

“சுவரிலை கொழுவ.”

“கொழுவ ஒரு கலண்டர் கிடைக்கேல்லையோ?”

“இது என்ரை வீடு. என்ரை சுவர். என்ரை துவக்கு.”

“இஞ்சேருங்கோ, நான் இந்தச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனான். பள்ளிக்கூடத்திலை வாங்குக்குக் கீழை படுத்துக் கிடந்து படிச்சனான். நீங்கள் காசு குடுத்து அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறியள். பிள்ளை இருக்கிற வீடு.”

“இது வெடிக்காது. மகாராணி காலத்துச் சாமான்.”

“அப்ப அவவிட்டையே குடுங்கோ.”

அனோஜினி எட்டிப் பார்த்தாள். “அப்பா, இட்ஸ் ஸோ டைனி” என்றாள்.

யாக்கோப்பு நேரே வெளியே போனார். பக்கத்து வீட்டுப் பாலேந்திராவிடம் ஏணி இரவல் வாங்கினார். சுவரில் ஆணி அடித்தார். அக்காவின் நாய் கழன்றது. துவக்கு ஏறியது. அன்று இரவு சொதியில் உப்பு இல்லை. அடுத்த நாள் உப்பு மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் பாலேந்திரா ஏணியைத் திருப்பிக் கேட்டு வந்தார். சுவரைப் பார்த்தார்.

“அண்ணை, ரவை இருக்கோ?”

ரவை என்றால் துவக்குக்குள் போட்டுச் சுடுகிற குண்டு. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

“இல்லை” என்றார் யாக்கோப்பு.

“அப்ப இது உங்களைப் போலத்தான். பார்க்கப் பயமா இருக்கும். வெடிக்காது.”

சொதி கொதித்துக்கொண்டிருந்த குசினிக்குள் இருந்து பெனிற்றாவின் சிரிப்புக் கேட்டது. பாலேந்திரா சொன்னதை யாக்கோப்பு மன்னித்திருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் மன்னிக்க முடியவில்லை. ஏணியையும் அவர் கொடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க, ஷிப்டுக்கு நடுவில் கிடைத்த ஓய்வில் எல்லாம், அவர் கைபேசியில் ஒன்றையே தேடினார். பழைய சின்னத் துவக்குகளுக்கு இன்றைக்கு என்ன ரவை கிடைக்கும்? படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை நேரே கடைக்காரரிடம் போய்க் கேட்டார்.

கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இதன் வயதொத்த சில சின்னத் துவக்குகளுக்கு இன்றும் வெளிநாட்டில் ரவை செய்கிறார்கள். பழைய இரும்பு நோகாதபடி வெடிமருந்தைக் குறைத்துப் போடுகிறார்கள். ஆனால் இந்தத் துவக்கின் ரவை வேறு இனம். விலாவில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதை இப்போது எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. வேறு புது ரவை எதையாவது திணித்தால் இது பிரஷர் தாங்காது. உங்கள் விரல்தான் பறக்கும்.

“இன்னொன்று” என்றார் கடைக்காரர். ரவை இல்லாத வரைக்கும் இது சுவருக்கு அழகு. ரவையைத் தேடிச் சேர்த்தால் இது ஆயுதம். லைசென்ஸ் இல்லாவிட்டால் சிறை.

யாக்கோப்பு இரட்டிப்புக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். பாலேந்திரா முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஏணிக்காக வந்தவர். அனோஜினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“எங்கை போட்டு வாறியள்?” என்று கேட்டார் பெனிற்றா.

“ரவை விசாரிக்க.”

பெனிற்றா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “என்ன சொன்னவர்?”

“இதுக்கு இப்ப ஒருத்தரும் ரவை செய்யிறேல்லையாம். பழசாம். புது மருந்து போட்டால் பிரஷர் தாங்காதாம்.”

“அவர் துவக்கைச் சொன்னவரோ, உங்களைச் சொன்னவரோ? இந்த வீட்டிலை ரெண்டு பழசு இருக்கு. ரெண்டும் பிரஷர் தாங்காது. காலமை பிரஷர் குளிசை போட்டனீங்களோ?”

“கதையை மாத்தாதையும்.”

“நான் மாத்தேல்லை. இண்டைக்கு விசாரிச்சனீங்கள். நாளைக்கு ஆரேன் ஒருத்தன் களவாக் கொண்டந்து தருவான். நாளையிண்டைக்குப் பொலிஸ் கதவைத் தட்டும். நான் என்ன சொல்லுறது? மனுசனுக்குச் சுவரிலை இடம் காணாதாம் எண்டோ?”

“நான் என்ன பைத்தியமோ? சும்மா கேட்டனான்.”

“சும்மா கேக்கிற மூஞ்சையோ இது?”

அனோஜினி தலையை நிமிர்த்தினாள். “அம்மா, ரவை எண்டா வாட்?”

பெனிற்றா மகளைப் பார்த்தார். குசினியைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். “பிறகு சொல்லுறன் பிள்ளை. எழுதுங்கோ.”

யாக்கோப்புக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உலகத்தில் எவனும் செய்யாத ஒரு சாமானுக்காக அவரைச் சந்தேகப்படுகிறார்கள். கிடைக்காத பொருளின் மேல் சத்தியம் செய்வதில் நட்டமும் இல்லை. அவர் திருஇருதய ஆண்டவர் படத்துக்கும் அதன் கீழே மேசையில் நின்ற அந்தோனியார் சுரூபத்துக்கும் முன்னால் போய் நின்று வலது கையைத் தூக்கினார்.

“அந்தோனியார் மேலை ஆணை. இந்த வாசலுக்குள்ளை ஒரு ரவை, ஒரே ஒரு ரவை வந்தாலும், அண்டைக்கே இந்தத் துவக்கை நானே கொண்டுபோய்த் திருப்பிக் குடுப்பன். பேந்து சுவரைப் பற்றி வாய் திறக்க மாட்டன். காணுமோ?”

“ஒரு ரவை?” என்றார் பெனிற்றா.

“ஒண்டு.”

“அண்டைக்கே?”

“அண்டைக்கே.”

“தம்பி, கேட்டனீங்களோ?”

“கேட்டனான் அக்கா” என்றார் பாலேந்திரா. “அண்ணை உங்கட சாமியிலை சத்தியம் பண்ணுறார். வேணுமெண்டால் எங்கட பிள்ளையாரையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.”

அன்று இரவு சொதியில் உப்பு அளவாக இருந்தது. யாக்கோப்பு சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தான் வென்றுவிட்டதாக நினைத்தார்.

சனிக்கிழமை காலையில் பெனிற்றா கடைக்குப் போனார். திரும்பி வரும்போது பாலேந்திராவையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து, யாக்கோப்புக்கு முன்னால், மேசையின் நடுவில் வைத்தார்.

“இது என்ன?” என்று கேட்டார் யாக்கோப்பு.

“ரவை.”

“தெரியுது. ஏன்?”

“ஒரு ரவை வந்தாலும் எண்டனீங்கள். இதுக்குள்ளை எத்தினை எண்டு எண்ணிப் பாருங்கோ. நல்ல சின்ன ரவை. புதுசு.”

யாக்கோப்பு பொதியைப் பார்த்தார். வெள்ளையாக, மணி மணியாக இருந்தது. ஒரு வருஷமாக அந்த வாசலுக்குள் வராதது. அவருடைய சட்டத்தின்படியே வராமல் இருந்தது.

“நான் சொன்னது இந்த ரவையை இல்லை” என்றார். குரல் நடுங்கியது. கோபத்தில்தான்.

“எந்த ரவை எண்டு நீங்கள் சத்தியத்திலை சொல்லேல்லையே அண்ணை. நான் பக்கத்திலைதானே இருந்தனான்.”

“பாலேந்திரா, நீர் ஆரின்ரை பக்கம்?”

“என்ரை ஏணியை ஆர் திருப்பித் தந்தினமோ அவையின்ரை பக்கம். அக்கா விடியவே தந்திட்டா.”

யாக்கோப்பு அந்தோனியாரின் சுரூபத்தைப் பார்த்தார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார். அவர் யாக்கோப்பைப் பார்க்காமல் கையிலிருந்த பாலன் இயேசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே துவக்கு பெட்டிக்குள் போனது. பெட்டி கோலியர்ஸ் வுட்டுக்குப் போனது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அவருக்கும் மனைவி இருந்திருக்க வேண்டும். யாக்கோப்பு திரும்பி வந்தபோது அதே ஆணியில் அக்காவின் நாய் தொங்கியது.

குசினியில் தாச்சி அடுப்பில் இருந்தது. ரவை வறுபடும் வாசனை முன்னறை வரை வந்தது. விடுகதைக்கு விடை அதுதான். யாக்கோப்பு ஸோபாவில் விழுந்து குப்புறப் படுத்துக்கொண்டார்.

“கோபப்படாதையுங்கோ” என்றார் பெனிற்றா, அகப்பையோடு வாசலில் நின்று. “உங்கட சட்டத்தை நான் முறிக்க மாட்டன். பிள்ளை சொல்லட்டும். பிள்ளை, ரவை எண்டால் என்னெண்டு கேட்டனீங்கள், இதுதான் ரவை. அம்மா கேசரி கிண்டட்டோ, உப்புமா கிண்டட்டோ?”

யாக்கோப்பு தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். கேசரி என்று சத்தம் வராமல் வாயசைத்தார். அடுத்த சனிக்கிழமை நீச்சலுக்குப் பிறகு ஐஸ்கிரீம் என்று சைகையும் காட்டினார். அனோஜினி அப்பாவைப் பார்த்தாள். தாச்சியைப் பார்த்தாள். யோசித்தாள்.

உப்புமா என்றாள்.