முட்டை மேல் உட்கார்ந்தது யார்

தேதியும் நேரமும் போட்டு எழுதிவிட்டால் எந்த மடத்தனமும் ஆதாரமாகிவிடும். நான் அப்படி எழுதியவன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், சந்தவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னால் தாமரை மண்டிய ஏரி. அந்த மழைக்காலத்தில் ஓர் இலைக்கோழி அங்கே இலைமேல் நான்கு முட்டைகளோடு உட்கார்ந்தது. நான் தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை கவனித்து நோட்டில் குறித்தேன்.

“6.20: தண்ணீர் ஏறுகிறது. தாய் முட்டைகளை நெஞ்சோடு அணைத்து அடுத்த இலைக்கு நகர்த்துகிறாள். 6.35: பெரிய உடம்புக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். அவனுக்கு ஏரியில் இன்னும் இரண்டு குடும்பம்.” (பக்கத்தில் ‘வெட்கம் கெட்டவன்’ என்று வேறு எழுதியிருந்தேன்.)

அப்போதுதான் என் மனைவி கஸ்தூரிக்குப் பதவி உயர்வு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் அவள். இனி வேலூரில் மேற்பார்வையாளர். ஐந்து நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே. மகள் பிளஸ் ஒன். நான் போகாதே என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது நோட்டைச் சத்தமாகப் படித்தேன், அவ்வளவுதான்.

“இப்ப இன்னாத்துக்கு இத படிக்கிறீங்க?”

“சும்மாதான். இருபத்திரெண்டு நாளா முட்டைய விட்டு நகரல பாரு. அது எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கல.”

“போவாதன்னு நேரா சொல்லிடுங்களேன்.”

“நான் எங்க சொன்னேன்? நோட்ல இருக்கறத படிச்சேன்.”

மறுநாள் அவள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அந்த வாரமே குஞ்சுகள் பொரிந்தன. ‘தாய்மை வென்றது’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மகள் அந்த நோட்டைப் பள்ளி பிராஜெக்டுக்குக் கொண்டுபோனாள். உயிரியல் ஆசிரியை முப்பத்தோரு இடத்தில் ‘தாய்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து ‘தந்தை’ என்று திருத்தியிருந்தார். கீழே ஒரு குறிப்பு: “கவனிப்பு மிக நன்று. இந்தப் பறவையில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். பெரிய உடம்புக்காரன் என்று எழுதியிருப்பதுதான் பெண்.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கஸ்தூரி அதை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“அப்போ அந்தம்மா முட்டை போட்டுட்டு இன்னா பண்ணும்?”

“அடுத்த கூட்டுக்குப் போய்டும்மா,” என்றாள் மகள்.

“ப்ரமோஷன்லயா?”

நான் மெதுவாகச் சொன்னேன்: “ஆபீஸ்ல ஒருதரம் கேட்டுப் பாரேன்.”

“வேற ஆள் போட்டாச்சுங்க,” என்று கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள்.

இன்று மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் கதை சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். கல்யாண வீடுகளில் நான் உட்கார்ந்தாலே, “மாமா, அடியில எத்தினி முட்டை?” என்று யாராவது கேட்கிறார்கள். மற்றவர்களுக்கு முன்னால் நானே சிரித்துவிடுகிறேன். வலி கொஞ்சம் குறைகிறது. கஸ்தூரி அந்தச் சிரிப்பில் ஒருநாளும் சேர்ந்ததில்லை. மாதம் ஒருமுறை வேலூரில் கூட்டம். நடத்துகிறவர், அவள் வேண்டாம் என்ற பதவிக்கு வந்தவர்; அவளுக்கு நான்கு வருடம் இளையவர். தாமதமானால் அவர் எல்லார் முன்னாலும் கேட்பாராம். அதனால் முதல் பஸ்ஸுக்கே போய்விடுகிறாள்.