ஒரு இன்ச் குழாயும் உங்கள் கட்டைவிரலும்

என் வாத்து ராஜாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் வராது; ஆனாலும் கடிதம் என்றால் கேட்கத்தானே வேண்டும்? நீங்கள் போய் ஏழு மாசமாகிறது. மூணாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருந்தால் அங்கிருந்தே திருத்திக்கொள்ளுங்கள்.

விஷயம் என்னவென்றால், ஷவர் கொட்டுகிறது! சொட்டவில்லைங்க, கொட்டுகிறது!

ஷவருக்கென்று ஆசை ஆசையாய் ஒரு பம்பு வாங்கி வைத்தீர்களே, அது லாரி மாதிரி உறுமும், தண்ணீர் மட்டும் ஜலதோஷ மூக்கு மாதிரி ஒழுகும். "குழாய் ஒல்லியா இருக்குங்க" என்று நான் வாயைத் திறந்தாலே, செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பீய்ச்சி, "பாத்தியா? ஒல்லியா இருந்தாதான்டி வேகம்!" என்று என்னைத் தொப்பலாக நனைப்பீர்கள். அரை இன்ச் குழாய் அப்படியே இருந்தது, நீங்கள் கடைசிவரை வாளியில்தான் குளித்தீர்கள்.

போன வாரம் அந்த ஒழுகலும் நின்றது. உங்கள் தம்பி, "அண்ணன் கையால மாட்டினது, தொடாதீங்க அண்ணி" என்றார். எனக்கும் மனசு வரவில்லைதான். இருந்தும் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் பம்பைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்ல பம்புதாம்மா. தொட்டித் தண்ணி வந்து சேராம மூச்சுத் திணறுது. எந்தப் புண்ணியவான் அரை இன்ச் போட்டது?" என்றார். "எங்க வீட்டுப் புண்ணியவான்தான்" என்று கட்டைவிரல் கதையைச் சொன்னேன். "விரலைக் குழாய் வாயில வைக்கலாம்மா, இவரு பம்போட கழுத்தையில்ல பிடிச்சிருக்காரு!" என்றார். சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், அவர் பாவம் கையிலிருந்த ஸ்பேனரையே தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

தொட்டியிலிருந்து பம்புக்கு ஒரு இன்ச், பம்பிலிருந்து ஷவருக்கு முக்கால் என்று புதுக் குழாய் போட்டார். திறந்தேன். அம்மாடி! கட்டின துணியோடு நின்றேன். "அண்ணி, தொட்டி காலியாகிடும்!" என்று உங்கள் தம்பி கதவைத் தட்டத் தட்ட நின்றேன். ஆறு வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன், ஒத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் அம்மாவைப் பார்த்தால் விசாரித்ததாகச் சொல்லி, நான் ஜெயித்ததையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பின்குறிப்பு: பழைய குழாயைப் பரணில் போட ஏறினேன். அங்கே சாக்கில் சுற்றின புது ஒரு இன்ச் குழாய், தொட்டிக்கும் பம்புக்கும் அளவாக வெட்டி. மேலே உங்கள் பென்சில் எழுத்து: "அவ ஊருக்குப் போகும்போது மாட்டணும்." நான்தான் உங்களை விட்டு எங்கேயும் போனதே இல்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெண்டு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்க மாட்டேனாங்க?