நாக்கை நீட்டியதற்கு ஒரு மெமோ

ஆசிரியர் வேலையில் முதலில் தேய்வது செருப்பு என்றுதான் நினைத்திருந்தேன். தொண்டை என்று தெரிவதற்குள் அது தேய்ந்தே போயிருந்தது.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. காலியிடத்துக்கு ஆள் போடவில்லை என்பதால் ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கத்திக்கொண்டிருந்தேன். (கரும்பு லாரி போனால் அதையும் மீறிக் கத்த வேண்டும்.) ஒருநாள் குரல் நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஒரு வாரம் பேச்சே கூடாது என்றார். தொண்டை இறுக்கம் தளர ஒரு பயிற்சியும் சொன்னார். நாக்கை முழுதாக வெளியே நீட்டி, நிறுத்தி, மெல்ல உள்ளே இழுக்க வேண்டும்.

டாக்டர் சீட்டோடு தலைமை ஆசிரியரிடம் போனேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க லீவு போட்டா ரெண்டு கிளாஸை யாரு பாக்கறது டீச்சர்? பேசாம வந்து உக்காந்துக்கினு இருங்க, போதும்."

போனேன். இடைவேளையில் பள்ளிக்குப் பின்னால் சுவரோரம் நின்று, கண்ணை மூடி, டாக்டர் சொன்னதைவிடவும் சிரத்தையாக நாக்கை நீட்டினேன். கண்ணைத் திறந்தால் எதிரே ஆய்வுக்கு வந்த அதிகாரி. பக்கத்தில் தலைமை ஆசிரியர். நாக்கு இன்னும் வெளியேதான் இருந்தது.

"இன்னாம்மா இது?" என்றார் அதிகாரி.

நாக்கை உள்ளே இழுத்துப் பதில் சொல்லப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. பதறி, தொண்டையை விரலால் தொட்டுக் காட்டினேன். (கழுத்தை அறுத்துவிடுவேன் என்று மிரட்டுவதாக அவருக்குப் பட்டிருக்கலாம்.) முகம் சிவந்து தலைமை ஆசிரியரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்த மனுஷன் சொல்லியிருந்தால்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்," என்றார்.

மேலதிகாரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்கு மெமோ வந்தது. டாக்டர் சீட்டை இணைத்து விளக்கம் கொடுத்தேன். இனிமேல் இப்படிப்பட்ட பயிற்சிகளைப் பள்ளி நேரத்துக்குப் பின் செய்யவும் என்று எழுதி முடித்துவைத்தார்கள். காலியிடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கத்துவதை மட்டும் பள்ளி நேரத்திலேயே தொடர்ந்தேன்.

குரல் பழையபடி திரும்பவே இல்லை. போனில் என்னை எல்லோரும் 'சார்' என்கிறார்கள். வீட்டில் நான் கோபமாக எதையாவது ஆரம்பித்தால் என் கணவர், "ஜாஸ்தி வாயத் தொறக்காத, மெமோ வந்துடும்," என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சத்தம்தான் வராது.