குழம்புக் கூட்டரசு பிரிந்த விவரம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, சூலியா தெருக் கடையிலிருந்து உங்கள் தங்கை மகன் அஸ்லான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாரும் நலம் என்று தொடங்குவது மரபு. மரபைக் காப்பாற்றிவிட்டேன். நலத்தைப் பற்றி இனிமேல்தான் எழுத வேண்டும். ஊரில் பள்ளிவாசல் கட்டட வேலை நல்லபடியாக நடப்பதாகவும், சாந்து குழைப்பது எப்படி என்று கொத்தனாருக்கே நீங்கள் வகுப்பு எடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். அல்லாஹ் அந்தக் கொத்தனாருக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

போன வாரம் தொலைபேசியில் "கடை எப்படிடா இருக்கு?" என்று கேட்டீர்கள். "இருக்கு மாமா," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்ப்பதற்குள் நீங்கள் மினாராவின் உயரத்துக்குப் போய்விட்டீர்கள். தொலைபேசியில் உங்களுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்கிறது, காது வேலை செய்வதில்லை. ஆகவே கடிதம். புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வர்றப்ப மூணு கடையும் ஒரே கடையா இருக்கணும், உன் பொறுப்பு," என்றீர்கள். கணினிச் சிப் தொழிற்சாலையில் பழுதுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் பொறியாளனிடம் சோற்றில் குழம்பு ஊற்றி விற்கும் மூன்று நாசி கண்டார் கடையை ஒப்படைத்தது உங்கள் முடிவு, என்னுடையது அல்ல. அந்தப் பொறுப்பு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். கடிதம் என்பதால் குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படியுங்கள்.

முதல் காரணம் கோகுலன். ஆயர் ஈத்தாமில் தமிழ் வாசகர் மன்றம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, வாசிப்பதைத் தவிர எல்லாம் செய்கிற மன்றம், அதன் செயலாளர். ஆண்டு விருந்தில் பட்டிமன்றம் வைக்கிறோம் என்றார். தலைப்பு, "மாநிலங்கள் மத்திய அரசை விட்டுப் பிரியலாமா, கூடாதா?" இன்றைக்கு முகநூலைத் திறந்தால் ஒவ்வொரு மாநிலத்துக்காரனும் நாங்கள் தனியாகப் போனால் தங்கத்தில் சாக்கடை கட்டுவோம் என்றுதான் எழுதுகிறான், ஆகவே தலைப்பு எடுபடும் என்று நினைத்திருக்கிறார். பிரியலாம் என்று பேச ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்தார். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் யாரோ அவர் காதில் தேச நிந்தனைச் சட்டம் என்று ஊதியிருக்கிறார்கள். உடனே எனக்குப் போன். "தம்பி, பிரியலாம்னு பேசப் போறது நீங்கதானே, உங்களுக்கு வக்கீல் யாராச்சும் பழக்கமா?" இல்லை என்றேன். "அப்ப தலைப்ப மாத்திருவோம்." செயற்குழு கூடியது. நாடு என்ற சொல்லை எடுத்தார்கள். மாநிலத்தை எடுத்தார்கள். அரசை எடுத்தார்கள். மிஞ்சியது "பிரியலாமா, கூடாதா" மட்டும்தான், அது விவாகரத்து வழக்கு மாதிரி இருக்கிறது என்று மகளிர் பிரிவு ஆட்சேபித்தது. கடைசியில், "நாசி கண்டார் கடையின் கிளைகள் தலைமைக் கடையை விட்டுப் பிரியலாமா?" என்று முடிவானது. சோற்றில் குழம்பு ஊற்றுவதற்கு எதிராக இந்த நாட்டில் இன்னும் சட்டம் வரவில்லை பாருங்கள். நாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கடையைப் பேச வேண்டும், சபையோர் கடையைக் கேட்டுக்கொண்டு நாட்டை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஆட்களுக்குப் பழகிய வேலைதான்.

ஆதாரம் இல்லாமல் பேச எனக்கு வராது. எனக்குத் தெரிந்த தலைமைக் கடை உலகத்திலேயே ஒன்றுதான், நம் சூலியா தெருக் கடை. ஆகவே உங்கள் பேரை மட்டும் சொல்லாமல் பேசினேன். ஆயர் ஈத்தாமில் விசிறி நின்றுபோனால் சூலியா தெருவில் அனுமதி கேட்க வேண்டும், அனுமதி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும், விசிறிக்குத் தேவை இருக்காது, இதற்குப் பெயர் நிர்வாகமா என்று கேட்டேன். கிளையில் சம்பாதிப்பது தலைமைக்குப் போகிறது, தலைமையிலிருந்து கிளைக்கு வருவது குழம்பும் அறிவுரையும், அதில் குழம்பு மட்டும்தான் சூடாக இருக்கிறது என்றேன். கைதட்டல். முன்வரிசையில் உங்கள் மகன் ஸுல்கிஃப்லி எழுந்து நின்று தட்டினான். பக்கத்தில் உங்கள் மூத்த மகளைக் கட்டிய முகம்மது அண்ணன். ஆயர் ஈத்தாம் கிளையும் கெப்பாலா பத்தாஸ் கிளையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எதிரணியில் மோனிக்கா டீச்சர், கணக்கு வாத்தியார். "தாராளமா பிரிஞ்சு போங்க தம்பி. போன பெறகு குழம்பு யார் வைப்பா? குடிக்கிற தண்ணிக்கே பக்கத்து மாநிலத்த நம்பி இருக்கிற ஊர்ல..." கோகுலன் பலமாக இருமினார். "கடையில, கடையில," என்று டீச்சர் திருத்திக்கொண்டார். "சரி, இன்னிக்கு நீங்க பிரியிறீங்க. நாளைக்கு உங்க கடைக்குள்ள டீ ஆத்துற தே தாரிக் மேசை உங்கள விட்டுப் பிரியணும்னு சொன்னா? எந்த எடத்துல நிறுத்துவீங்க?" நல்ல கேள்வி. அதனால்தான் பதில் சொல்லாமல், "டீச்சர், குழம்பு என்ன ராக்கெட் இஞ்சினா, அளவு தெரிஞ்சா யாரும் வைக்கலாம் லா," என்றேன். மண்டபம் அதிர்ந்தது. நடுவர் ஆர்தர் சார் சுங்கத்துறையில் ஓய்வு பெற்றவர், எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு இளமை திரும்பும். பிரியலாம் என்று தீர்ப்புச் சொல்லி எனக்கு ஒரு பிளாஸ்க் பரிசு கொடுத்தார்.

மறுநாள் காலை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஸுல்கிஃப்லி வெளியேறினார்" என்று வந்தது. அடுத்து "முகம்மது வெளியேறினார்." இவ்வளவு சிக்கனமாக எந்த நாடும் சுதந்திரப் பிரகடனம் செய்ததில்லை. போன் போட்டேன்.

"மச்சான், நாங்க பிரிஞ்சிட்டோம் லா," என்றான் உங்கள் மகன்.

"டேய், நான் நாட்டுக்காகப் பேசினேன்."

"தெரியும். நாட்டுக்குச் சரியா இருக்கிற நியாயம் விசிறிக்குச் சரியா இருக்காதா?"

நீங்கள் அவனைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை, மாமா. மாமியிடம் போய்ச் சொன்னேன். பெரிய சட்டியில் அகப்பையை ஓட்டிக்கொண்டிருந்தவர், "அப்ப நாளைக்கு எத்தன சட்டி?" என்று மட்டும் கேட்டார். ஒரு சட்டி போதும் என்றேன். கேட்டுக்கொண்டார்.

சுதந்திர நாடுகளின் நிலவரம் இனி. ஸுல்கிஃப்லி முதல் காரியமாகப் பெயர்ப்பலகையில் "கிளை" என்ற சொல்லின் மேல் சாயம் பூசினான், இரண்டாம் காரியமாக விசிறியைச் சரிசெய்தான். அத்தோடு நிறுத்தியிருந்தால் வரலாறு அவனை வாழ்த்தியிருக்கும். ஆனால் சோறு விற்கக் குழம்பு வேண்டுமே. அளவு தெரிந்தால் யாரும் வைக்கலாம் என்று நீதானே சொன்னாய் என்று என்னிடமே வந்தான். மாமி கையளவாகப் போடுவதைப் பார்த்துப் பார்த்து நான் அளவு, நேரம், வெப்பம் எல்லாம் குறித்துக் கொடுத்தேன். அப்படியே வைத்தான். வந்தது சாம்பாரும் இல்லை, சால்னாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் அகதியாக நின்றது. கெப்பாலா பத்தாஸில் முகம்மது அண்ணன் கடைத்தூளையும் தேங்காய்ப்பாலையும் கலந்து ஏதோ வைத்தார். மத்தியானம் வரும் அரசாங்க அலுவலகத்து ஆட்கள் ஒரே நாளில் எதிர்க் கடைக்கு மாறிப்போனார்கள். அரசாங்க ஊழியர்கள் ஒரு முடிவை அவ்வளவு வேகமாக எடுத்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் ஆயர் ஈத்தாமில் தே தாரிக் போடும் தனேஷ் தன் மேசையைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டிவிட்டான். "அண்ணே, அன்னிக்குப் பட்டிமன்றத்துக்கு நானும்தான் வந்திருந்தேன். கடையே என் தே தாரிக்கால ஓடுது. நானும் பிரியிறேன்." விடுதலை வீரர் ஸுல்கிஃப்லிக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இது துரோகம். மேசை இந்தக் கடையோட பிரிக்க முடியாத பகுதி," என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "மச்சான், இவனுக்கு எடுத்துச் சொல்லு," என்கிறான். எதை எடுத்துச் சொல்வது? போன வாரம் பரிசு வாங்கிய பேச்சுக்கு நேர் எதிரானதையா? தினமும் வரும் சீனப் பெரியவர் ஒருவர் ரொட்டியை ஒரு நாட்டில் வாங்கிக்கொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் தேநீரை இன்னொரு நாட்டில் வாங்கி, எந்த நாட்டில் உட்கார்ந்து குடிப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

சரக்கு விற்காத மூன்றாம் நாள் ஸுல்கிஃப்லி தலையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு சூலியா தெருவுக்கு வந்து குழம்பு பார்சல் கேட்டிருக்கிறான், வாளியோடு. மாமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெளிநாட்டுக்காரங்க வரிசையில வரணும், தம்பி," என்றார். பெற்ற தாய். அவன் வரிசையில் நின்றான், மாமா. வெயிலில்.

அதற்கு மேல்தான் சமாதான மாநாடு. இடம் எது என்பதில் முட்டிக்கொண்டது. சூலியா தெரு ஆதிக்கத்தின் தலைநகராம், அங்கே வர மாட்டார்களாம். கெப்பாலா பத்தாஸ் கடலுக்கு அக்கரையில், தூரமாம். கடலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்று ஃபெரியில் ஏற்றினேன். அக்கரை பட்டர்வொர்த் வரும்போது இவர்கள் இன்னும் குழம்பு ஏற்றும் வேன் யாருக்கு என்பதில்தான் இருந்தார்கள். இறங்கி மறுபடி ஏறினோம். இக்கரை ஜார்ஜ்டவுன் வரும்போது கடையின் பெயர் யாருக்கு. மறுபடி. டிக்கெட் கொடுக்கும் பெண் எங்களைக் கடத்தல்காரர்கள் என்றே முடிவு செய்திருப்பாள்.

"குழம்பு மொதல்ல கெப்பாலா பத்தாஸுக்குத்தான் வரணும். பாலம் தாண்டி வர்றதுக்குள்ள ஆறிருது," என்றார் முகம்மது அண்ணன்.

"தீவுக்காரன் பட்டினி கெடக்கணுமா?" என்றான் ஸுல்கிஃப்லி.

"நீங்க என்னிக்கு எங்க கரையும் இதே மாநிலம்னு நெனச்சீங்க? உங்களுக்கு நாங்க வாழையிலை வர்ற எடம்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமி இன்னும் கொஞ்சம் வெள்ளன எந்திரிச்சு ரெண்டு தடவை வச்சா, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சூடாப் போகும். முடிஞ்சு போச்சு," என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அட, ஆமா. ஒப்பந்தம் அங்கேயே எழுதியாயிற்று. குழம்பு தலைமைக் கடையில், இரண்டு தடவை, கூடவே கெப்பாலா பத்தாஸ் கேட்ட மீன் குழம்பு தனியாக. விசிறி, விளக்கு, குழாய் எல்லாம் கிளையின் இஷ்டம். தனேஷுக்குத் தே தாரிக் மேசையில் சுயாட்சி, கயிறு மட்டும் அவிழ்க்க வேண்டும். மூன்று பேர் கையெழுத்து, ஏகமனது.

ஆகவே மாமா, மூன்று கடையும் ஒரே கடை. உங்கள் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். நான் மேடையில் பேசியது முழுக்கத் தவறு என்றும் இங்கே எழுதிக்கொடுக்கிறேன். விசிறி ஓடவில்லை என்பதற்காக வீட்டை இடிப்பதுதான் பிரிவினை. அது நாடானாலும் சரி, நாசி கண்டார் ஆனாலும் சரி. மையம் ஒன்று இருக்க வேண்டும், அது கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். காது என்று எழுதியதை நீங்கள் உங்களுக்கு என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் உடம்புக்கும், பள்ளிவாசல் சுவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க துஆ செய்கிறோம். ஊரில் பெரியவர்களுக்கு என் சலாம், கொத்தனாருக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
சொன்ன வேலையை முடித்த
அஸ்லான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், மாமியின் சலாமையும் சேர்க்கலாம் என்று கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். ஒப்பந்தம் வந்ததும் கை நின்றது. "ஃபெரியில யார் யார் போனீங்க?" நான், ஸுல்கிஃப்லி, முகம்மது அண்ணன் என்றேன். "வெள்ளன எந்திரிச்சு ரெண்டு தடவை குழம்பு வைக்கப் போறவ?" கேட்ட கையோடு எழுந்து கையைக் கழுவிவிட்டார். சூலியா தெரு பிரிந்துவிட்டது, மாமா. நாளையிலிருந்து இங்கே வைக்கும் குழம்பு இங்கே மட்டும், அதுவும் ஒரு சட்டி, மத்தியானத்தோடு கடை மூடல். மாநிலங்கள் மத்திய அரசை விட்டுப் போகலாமா என்று மண்டபம் நிறைய ஆட்கள் வாதாடினோம். மத்திய அரசே எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே மேலே "மூன்று கடையும் ஒரே கடை" என்று எழுதிய இடத்தை அடித்துவிடுங்கள். அவர் வாதத்தில் ஓட்டை தேடிப் பார்த்தேன், என் தொழிலே அதுதான். கிடைக்கவில்லை. "மாமா வந்து கேட்டா என்ன சொல்றது மாமி?" என்றேன். "அவரு எந்த நாட்டுக்காரருன்னு மொதல்ல அவரு வந்து சொல்லட்டும்," என்றார். விமானத்தில் உங்களுக்கு நேரம் இருக்கும், யோசித்துக்கொண்டு வாருங்கள்.